வீதியை நம்பி அடுப்பு மூட்டாதீர்கள்: வன்னியில் முதல் சாப்பாட்டுக்கடை திறக்க இருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

கிளிநொச்சியில், முல்லைத்தீவில், வவுனியாவில் முதன்முதலாக ஒரு சாப்பாட்டுக்கடை போட வேண்டும் என்று மனதில் வைத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். உங்களில் சிலர் கட்டாரில் வருடக்கணக்காக நின்று காசு சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். சிலருக்கு லண்டனிலோ பிரான்சிலோ இருக்கும் அண்ணன் "நீ தொடங்கு, காசை நான் பார்க்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார். சிலர் தனியே பிள்ளைகளை வளர்க்கும் பெண்கள், விடியற்காலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துக் கொடுத்து, "இதை நானே விற்றால் என்ன?" என்று யோசிக்கத் தொடங்கியிருக்கிறீர்கள்.

போன மாதம் உங்களில் மூன்று பேர் என்னிடம் வந்தீர்கள். மூவரும் இடம் பார்த்து வைத்திருந்தீர்கள். மூன்றும் ஏ-9 வீதிக் கரையில். மூவரும் பலகையில் எழுதப் பெயரும் வைத்திருந்தீர்கள். ஒரு கோப்பைச் சோறு உங்களுக்கு என்ன விலைக்கு முடியும் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. முகத்துக்கு நேரே சொல்லத் தயங்கியதை இங்கே எழுதுகிறேன்.

நானும் அந்த வீதிக் கரையில்தான் தொடங்கினேன். 2012 வைகாசி. இரண்டு வருட வாடகையை முற்பணமாகக் கொடுத்தேன். 24 கதிரை, கண்ணாடி அலுமாரி, தரைக்கு மாபிள், வாசலில் மின்விளக்குப் போட்ட பலகை. என் நகையும் அக்காவின் நகையும் அடகுக்குப் போயின. யுத்தம் முடிந்து வீதி திறந்த பிறகு தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் யாழ்ப்பாணம் போய்க்கொண்டிருந்த காலம் அது. இத்தனை பேரில் பத்தில் ஒருவர் இறங்கிச் சாப்பிட்டால் போதும் என்று கணக்குப் போட்டேன்.

அவர்கள் இறங்கவில்லை. நாகதீபத்துக்குப் போகும் யாத்திரிகர்கள் பானை சட்டி, அரிசி, விறகு எல்லாம் பஸ்ஸிலேயே கொண்டுவந்து மரநிழலில் தாங்களே சமைத்துச் சாப்பிட்டார்கள். தூரப் பயண பஸ்கள் சாரதிக்கும் நடத்துநருக்கும் இலவசச் சாப்பாடு போடும் பெரிய கடைகளில்தான் நின்றன. வீதி நெடுக இராணுவம் நடத்திய சிற்றுண்டிக் கடைகளும் இருந்தன. வாடகையும் சம்பளமும் கணக்கில் வராத அந்தக் கடைகளோடு விலையில் நான் எப்படி மல்லுக்கட்டுவது? பிறகு 2013 செப்ரெம்பரில் யாழ்தேவி கிளிநொச்சிக்கு வந்தது. ஊரெல்லாம் சந்தோசம், எனக்கும்தான். 2014 ஒக்ரோபரில் அது யாழ்ப்பாணம் வரை போனது. பஸ்ஸில் போன சனத்தில் ஒரு பங்கு ரயிலில் ஏறியது. அந்த வருடம் மார்கழியில் நான் கடையைப் பூட்டினேன். நகை மீளவில்லை.

என் கதை ஒரு பெண்ணின் அனுபவக் குறைவு என்று நீங்கள் நினைக்கலாம். இந்த வீதியின் கதையையும் பாருங்கள். 2002 ஏப்ரலில் ஏ-9 திறந்தபோது கிளிநொச்சி நகரம் எப்படி இருந்தது என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். பாண்டியன் சுவையூற்று உணவகத்தின் பெயரை இன்றைக்கும் சொல்வார்கள். அதைச் சுற்றி எத்தனை தேத்தண்ணிக் கடை, எத்தனை கொத்து றொட்டிக் கடை! 2006 ஓகஸ்டில் முகமாலையில் பாதை மூடப்பட்டபோது, கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் போய் வந்த அத்தனை வாயும் ஒரே நாளில் இல்லாமல் போயின. 2009 தையில் நகரமே வெறுமையாகக் கிடந்தது. வீதி வெறித்தது யுத்தத்தால் மட்டும் என்று சொல்ல மாட்டேன். கொரோனாக் காலத்தில் திரும்பவும் வீதி வெறித்தது. 2022 இல் பெற்றோல் இல்லாமல் வாகனங்கள் வரிசையில் நின்றபோது மறுபடியும் வெறித்தது. உங்களுக்கு நாற்பது வயதுக்கு மேல் என்றால் இந்த வீதி அடங்கிப் போனதை எத்தனை தடவை பார்த்திருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

வீதி நிற்கும் இடம் ஒன்று இருக்கிறது: முறிகண்டி. அங்கே பிள்ளையார் இருக்கிறார். கும்பிட்டு, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்காமல் ஒரு சாரதியும் தாண்ட மாட்டார். அந்தக் கச்சான்காரப் பெண்கள் வீதியை நம்பலாம். வீதி நிற்க அங்கே ஒரு காரணம் உண்டு. நீங்கள் பார்த்து வைத்த இடத்தில் வீதி எதற்காக நிற்க வேண்டும்? உங்கள் பலகைக்காகவா? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது தடவை 2016 இல் நான் ஒரு கை ஒழுங்கைக்குள் தொடங்கினேன். ஓலைப் பத்தி, எட்டுக் கதிரை, இரண்டு விறகடுப்பு. காலையில் புட்டு, இடியப்பம், சொதி, மத்தியானம் சோறு, பின்னேரம் வடையும் பிளேன்ரீயும். இன்றைக்கும் அதுதான். தொடங்குவதற்கு முன் ஒரு மாதம் அந்தச் சந்தியில் நின்று, யார் எத்தனை மணிக்குப் போகிறார்கள் என்று கொப்பியில் எழுதினேன். மேசன்மார், பாடசாலை ஆசிரியர்கள், ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை நிற்பவர்கள், கச்சேரிக்கு அலுவலாக வந்து பின்னேரம் மட்டும் காத்திருப்பவர்கள், தைத்த உடுப்புத் தொழிற்சாலைப் பிள்ளைகள். இவர்கள் நாளைக்கும் பசித்து வருவார்கள், நாளையண்டைக்கும் வருவார்கள். அறிவியல்நகரில் யாழ் பல்கலைக்கழகப் பீடங்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். பம்பைமடுவில் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியா வளாகம் இருக்கிறது. வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்கும் இத்தனை பிள்ளைகள் ஒரு பக்கம் இருக்க, தெரியாத பஸ்ஸுக்குக் கைகாட்டி நிற்காதீர்கள்.

இனிக் கணக்குக்கு வருகிறேன். இந்தப் பகுதியைத் தயவு செய்து இரண்டு தடவை வாசியுங்கள்.

400 ரூபாவுக்கு விற்கும் மீன் சோறு ஒன்றை எடுப்போம். விலைகள் கிழமைக்குக் கிழமை மாறும். கணக்கின் போக்கு மாறாது. ஒரு கிலோ அரிசி 240 ரூபா என்றால், உடம்பால் வேலை செய்கிறவன் சாப்பிடும் அளவில் 6 கோப்பை வரும், கோப்பைக்கு 40. மீன் துண்டு 110. அதோடு பலர் நிறுத்திவிடுகிறீர்கள். 150 ரூபாச் செலவு, 250 ரூபா லாபம் என்று மனம் துள்ளுகிறது. இருங்கள். 200 ரூபாத் தேங்காய் ஒன்று 5 கோப்பைக்குத்தான் காணும், அது 40. பருப்பும் இரண்டு மரக்கறியும் 55. எண்ணெய், வெங்காயம், தூள், புளி, கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து 35. விறகோ காஸோ 15. பார்சல் கட்டும் தாள், கைதுடைக்கும் தாள், கோப்பை கழுவும் சவுக்காரம் 10. கூட்டினால் 305. உங்கள் கையில் மிஞ்சுவது 95 ரூபா.

அந்த 95 ரூபாவில்தான் வாடகை, கூலி, கரண்ட் எல்லாம் வர வேண்டும். இரண்டு பேருக்கு நாளுக்கு 2,000 வீதம் 4,000, வாடகை நாளுக்கு 1,000, கரண்ட் 400. மொத்தம் 5,400. 56 கோப்பை விற்று முடித்த பிறகு, 57ஆவது கோப்பையில்தான் உங்கள் வீட்டுக்கு முதல் ரூபா வருகிறது. பின்னேரம் 10 பேருக்கான சோறும் கறியும் மிஞ்சிவிட்டால் 3,050 ரூபா போயிற்று. 32 கோப்பை விற்ற மிச்சம் அது. மழை வந்து நாலு பேர் வராமல் விட்டாலே அன்றைய உழைப்பு வாய்க்காலில் போய்விடும்.

உணவுத் தொழிலில் இருப்பவர்கள் உலகெங்கும், விற்கும் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாமானுக்குப் போகக் கூடாது என்று சொல்வார்கள். நம் ஊரில் மத்தியானச் சோற்றில் அது நடக்காது. மேசனிடம் 900 ரூபா கேட்க முடியுமா? ஆனால் பிளேன்ரீயில் நடக்கும். உழுந்து வடையில், தோசையில், இடியப்பத்தில் நடக்கும். என் கடையில் சோற்றைத் தூக்கி நிறுத்துவது பின்னேரத் தேத்தண்ணிதான். சோறு ஆட்களைக் கூட்டி வரும். வடை வாடகை கட்டும். இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. அடகுக் கடையில் கொடுத்துப் படித்தேன். நீங்கள் சும்மா எடுத்துக்கொள்ளுங்கள்.

சமைக்கத் தெரிந்தால் போதும் என்று நினைக்கிறீர்கள், தங்கச்சிமாரே. உங்கள் கைப்பக்குவத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அஞ்சு பேருக்குச் சமைப்பதும், ஒவ்வொரு நாளும் ஒரே உப்பில், ஒரே உறைப்பில் எழுபது பேருக்குச் சமைப்பதும் வேறு வேறு தொழில். சரியாகப் பன்னிரண்டு மணிக்குச் சோறு வடிந்திருக்க வேண்டும். பன்னிரண்டரைக்கு வடிந்தால் மேசன்மார் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். நாளைக்கும் அங்கேதான் போவார்கள்.

கடன் கொப்பி பற்றிச் சொல்ல வேண்டும். வன்னியில் காசு மழையோடு வரும், மழையோடு போகும். தை, மாசியில் காலபோக நெல்லு வெட்டும்போது எல்லோர் மடியிலும் காசிருக்கும். ஐப்பசி தொடங்கி மார்கழி மட்டும் விதைப்புக்கும் உரத்துக்கும் போட்டுவிட்டு, வெறுங்கையோடு, "அக்கா, எழுதி வையுங்கோ" என்பார்கள். இல்லை என்று சொல்ல மனம் வராது, சொல்லவும் வேண்டாம். ஆனால் எத்தனை பேருக்கு, எவ்வளவு மட்டும் என்று முதல் நாளே முடிவு கட்டிவிடுங்கள். நான் ஒருவருக்கு ஒரு கிழமைச் சாப்பாட்டுக்கு மேல் எழுதுவதில்லை. என்னிடம் தொகை கூடிப்போனால் அவர் வெட்கத்தில் கடைப் பக்கமே வர மாட்டார். காசும் போகும், ஆளும் போவார். 2018 மார்கழி வெள்ளம் நினைவிருக்கிறதா? இரணைமடு வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சனம் பாடசாலைகளில் போய் இருந்தது. அந்த மாதம் என் கொப்பியில் இருந்த காசில் பாதி வரவேயில்லை. கேட்கவும் முடியாது. அதைத் தாங்க லாச்சியில் வேறு காசிருந்தபடியால்தான் தையில் திரும்ப அடுப்பு மூட்டினேன்.

அந்த வேறு காசு எங்கிருந்து வர வேண்டும் என்பதும் முக்கியம். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் லோன்காரரிடம் கடைக்கு முதல் எடுக்காதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். கடை ஆறு மாதத்துக்குப் பிறகுதான் காசு தரும். அவர்களுக்கு முதல் கிழமையே கட்ட வேண்டும். ஒன்றைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட வேறொன்று என்று நம் ஊர்ப் பெண்கள் பட்ட பாடு நாடறிந்தது. 2018 இல் அரசாங்கமே 12 மாவட்டங்களில் வறட்சியால் நொந்த பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த நுண்கடன்களைத் தள்ளிவிட முன்வந்தது என்றால், நிலைமை எங்கே போயிருந்தது என்று யோசியுங்கள். ஊரில் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் இருந்தால் முதலில் அங்கே போங்கள். தெரிந்த பத்துப் பேரோடு சீட்டுப் பிடியுங்கள். அதற்கும் வழியில்லையா, எட்டுக் கதிரையை நாலாக்குங்கள். கதிரை வாங்கப் பிறகும் காலமிருக்கிறது.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணன்மாரே, இதை நீங்களும் வாசிப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் காசு மாபிளிலும் கண்ணாடியிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. திறப்பு விழா வீடியோ உங்களுக்கு வரும். ஏழாம் மாதத்து வாடகைச் சண்டை வராது. கடை கட்டக் காசு அனுப்பாதீர்கள். முதல் ஆறு மாதச் செலவை வங்கியில் தனியாகப் போட்டு வையுங்கள். கடை மெலியும் மாதத்தில் தம்பிக்கு அது கைகொடுக்கும்.

2022 ஐ மறந்துவிட்டுத் திட்டம் போடாதீர்கள். அந்த ஏப்ரலில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 2,675 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 4,860 ஆனது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. பங்குனி கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. பிறிட்ஜில் இருந்த மீன் நாறியது. செப்ரெம்பரில் உணவு விலைவாசி ஒரு வருடத்துக்கு முந்தியதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கானது. காஸை மட்டும் நம்பிய கடைகள் பூட்டுண்டபோது என் விறகடுப்பு எரிந்தது. வன்னியில் இருந்துகொண்டு விறகடுப்பு இல்லாத குசினி கட்டாதீர்கள். புகை போக நல்ல புகைபோக்கி வையுங்கள். சமைக்கிறவளின் நெஞ்சும் உங்கள் பொறுப்புத்தான்.

எதைச் சமைப்பது என்பதில் எனக்கு ஒரு மனவருத்தம் உண்டு. புதிதாகத் திறக்கும் கடைகளில் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான்: பிறைட் ரைஸ், கொத்து, டெவில். அவற்றை நன்றாகச் செய்ய வல்லவர்கள் வவுனியா நகரத்தில் நிறையப் பேர் ஏற்கெனவே இருக்கிறார்கள். நம்மிடம் மொட்டைக்கறுப்பன் அரிசி இருக்கிறது, பச்சைப்பெருமாள் இருக்கிறது. குளத்து விரால் இருக்கிறது. நந்திக்கடல் இறால் இருக்கிறது. எருமைத் தயிர், தேன், முருங்கையிலை, குரக்கன் மா, ஒடியல் மா இருக்கின்றன. கொழும்பிலிருந்து லொறியில் வரும் கோழியைவிட இவை உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் கிடக்கின்றன. விரால் குழம்பு வைக்கும் நாளில் என் கடைக்கு வருபவர்கள் பரந்தனிலிருந்தும் வட்டக்கச்சியிலிருந்தும் மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள்.

அம்மாச்சி உணவகத்தை ஒரு நாள் போய்ப் பாருங்கள். வட மாகாண விவசாயத் திணைக்களத்தின் வழிகாட்டலில் பெண்கள் நடத்துவது. இலைக்கஞ்சி, குரக்கன் புட்டு, தோசை, உழுந்துக் களி என்று ஒவ்வொருத்தியும் தன் கைக்கு வந்ததை வாடிக்கையாளரின் கண் முன்னே சமைத்துக் கொடுக்கிறாள். அலங்காரம் ஒன்றும் இல்லை. மத்தியானத்தில் இருக்க இடம் கிடைக்காது. கையில் முதல் இல்லாத தங்கச்சிமார் தனிக்கடைக்கு ஓட முன்னர், அங்கே ஒரு அடுப்புக்கு இடம் கிடைக்குமா என்று திணைக்களத்தில் போய்க் கேளுங்கள்.

உரிமம், சுத்தம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கரைச்சியோ கரைதுறைப்பற்றோ புதுக்குடியிருப்போ, எந்தச் சபை என்றாலும் வியாபார உரிமம் மார்கழி 31 உடன் முடியும். புரட்டாதியில் புதிதாக எடுத்தாலும் அப்படித்தான். தொடங்கும் மாதத்தை அதைப் பார்த்து வையுங்கள். பெயர்ப் பதிவு பிரதேச செயலகத்தில். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை எதிரியாக நினைக்காதீர்கள். இடத்தைப் பேசி முடிக்க முன்னரே அவரைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுங்கள். மலசலகூடம் கிணற்றுக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறது, கழிவுத் தண்ணீர் எங்கே போகும் என்று அவர் அப்போதே சொல்லிவிடுவார். பிறகு சுவரை இடித்துத் திரும்பக் கட்டுவதைவிட அது நல்லது. வெள்ளம் வந்து வடிந்த பிறகு கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்காமல் ஒரு கோப்பை தேத்தண்ணிகூட விற்காதீர்கள். லஞ்ச் சீற் 2017 செப்ரெம்பரிலிருந்தே தடை. பார்சல் கட்ட நம் குளங்களில் தாமரை இலை மண்டிக் கிடக்கிறது.

உங்களிடம் வேலைக்கு வருகிறவர்களைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் பெண்கள்தான் வருவார்கள். அதிலும் மலையகத்திலிருந்து எழுபதுகளில் துரத்துண்டு வந்து இங்கே குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் நிறைய வருவார்கள். அவர்களுக்குக் குறைந்த கூலி கொடுத்தால் போதும் என்று ஒரு பேச்சு நம் ஊரில் உண்டு. அந்தப் பேச்சைக் கடைக்குள் கொண்டுவராதீர்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 வீதம், அவர்கள் பங்கு 8 வீதம், நம்பிக்கை நிதிக்கு நீங்கள் 3 வீதம். இதை முதல் மாதமே கணக்கில் சேருங்கள். மேலே சொன்ன 5,400 அதற்கேற்றபடி கூடும். கூடட்டும். ஆளைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமக்குப் பழையது. யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணிக் கடைகளில் சாதி பார்த்து வேறு பேணியில் கொடுத்த காலம் இருந்தது. 1968 இல் அந்தக் கடைகளுக்குள் போய் உட்கார்ந்து தேத்தண்ணி கேட்டதற்காக மனிதர்கள் அடிபட்டிருக்கிறார்கள். ஆகவே சாப்பாட்டுக்கடை வாசல் நமக்குச் சின்ன வாசல் இல்லை. யார் வந்தாலும் அதே கோப்பை, அதே மேசை, அதே "வாங்கோ, இருங்கோ". குசினிக்குள் நிற்பவளுக்கும் அதே சோறு. அவளை மிச்சக் கறியில் சாப்பிட வைக்காதீர்கள்.

வீட்டைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரத்தில் பார்சா என்ற பேராசிரியரும் அவரோடு சேர்ந்தவர்களும் உணவகங்கள் ஏன் மூடுகின்றன என்று ஆராய்ந்து 2005 இல் எழுதினார்கள். பத்தில் ஒன்பது முதல் வருடத்திலேயே மூடிவிடும் என்று ஊரில் சொல்லும் கதை பொய் என்று கண்டார்கள். முதல் வருடத்தில் ஏறத்தாழ நாலில் ஒன்று. மூன்று வருடத்துக்குள் பத்தில் ஆறு. அதைவிட என் மனதில் தைத்தது வேறொன்று. கடையை விட்டவர்களில் பலர் காரணமாகச் சொன்னது, குடும்பத்துக்கு நேரம் இல்லாமல் போனதைத்தான். எங்கேயோ ஒரு தேசத்தில் எழுதியது, என் வீட்டைப் பார்த்து எழுதியதுபோல இருந்தது. முதல் கடை நடந்த காலத்தில் என் மகள் ஓ.எல். சோதினை எழுதினாள். எந்தப் பாடத்துக்கு எந்த நாள் என்றுகூட எனக்குத் தெரியாது. அந்த இரண்டு வருடத்தை அவள் இன்னும் மறக்கவில்லை. விடியற்காலை நாலு மணி தொடங்கி இரவு ஒன்பது மட்டும் வேலை. உங்கள் வீட்டில் யார் பிள்ளையைப் பாடசாலைக்குக் கொண்டுபோய் விடுவது, யார் வயது போன அம்மாவுக்கு மருந்து கொடுப்பது என்று பேசி முடித்துவிட்டுக் கடைத் திறப்பைக் கையில் வாங்குங்கள். கிழமையில் ஒரு நாள் பூட்டுங்கள். எனக்குத் திங்கட்கிழமை. அன்று என் கடைக்கு வந்து ஏமாந்து போகிறவர்கள் செவ்வாய்க்கிழமை கட்டாயம் வருகிறார்கள்.

இவ்வளவும் எழுதியது உங்களை மறிக்க இல்லை. நம் ஊருக்குக் கடைகள் வேண்டும். வேலைக்கு வெளியே போகும் பெண்கள் கூடிவிட்டார்கள், தனியே இருக்கும் வயதானவர்கள் கூடிவிட்டார்கள். இவர்களுக்கு நல்ல சாப்பாடு கிட்டத்தில் கிடைக்க வேண்டும். நீங்கள் திறக்கத்தான் வேண்டும். ஒரே ஒரு கேள்விதான் உங்களிடம் எனக்கு. முற்பணம் கொடுக்க முதல், நகையை அடகு வைக்க முதல், பலகை எழுத முதல், மூன்று மாதம் இன்னொருவரின் குசினியில் நிற்பீர்களா? அந்த மூன்று மாதமும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியாக இருக்கட்டும். காசு இல்லாத காலம், மழைக் காலம், கடன் கொப்பி தடிக்கும் காலம். மாசியில் வந்து நின்றால் கடை நடத்துவது சுகம் என்று நினைத்துவிடுவீர்கள்.

ஏற்கெனவே கடை நடத்தும் அக்காமார், அண்ணன்மாரிடமும் கேட்கிறேன். வந்து நிற்கிற பிள்ளையைப் போட்டிக்காரன் என்று துரத்தாதீர்கள். குசினிக் கதவைத் திறந்து விடுங்கள். கொப்பியையும் காட்டுங்கள்.

நான் தொடங்கி வைக்கிறேன். வருகிற ஐப்பசி முதலாம் திகதியிலிருந்து என் குசினியில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே கூலி. காலை நாலு மணிக்கு வர வேண்டும். முதல் கிழமை தேங்காய் திருவலும் கோப்பை கழுவலும்தான். மார்கழி கடைசி நாள், கடை பூட்டிய பிறகு, மூன்று மாதக் கொப்பியையும் மேசையில் விரித்து வைத்து நீங்களே கூட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் திறக்க வேண்டும் என்று மனம் சொன்னால், இடம் பார்க்க நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
ஒழுங்கைக்குள் அடுப்பெரிக்கும் உங்கள் அக்கா